சுமப்பது காற்று

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டியில் திராட்சை ஏற்றும் பிக்கப் வண்டிக்கு ஒரே நாளில் மூன்று விதமான தரை. காலையில் பந்தல் தோட்டத்துக்குள் செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் சக்கரத் தடம் முழுக்கச் சேறு. தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் சின்னமனூர் வரை தார் ரோடு. லோடு கேரளாவுக்கு என்றால் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை. மூணாறு பக்கம் என்றால் போடி வழியாகப் போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகள். மேகமலை எஸ்டேட்டுக்கு என்றால் தென்பழனி சோதனைச் சாவடியிலிருந்து 18 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்த பலகையோடு. பூப்பெயரை வாசிக்க டிரைவருக்கு நேரம் இருக்காது என்பது வேறு விஷயம்.

இந்த வண்டியின் டயர் தேய்ந்து, மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் வரிசையாக மாட்டியிருப்பதில் கண் போய் நிற்பது ஏ.டி. டயரில்தான். ஏ.டி. என்றால் எல்லாத் தரைக்கும் ஏற்றது என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். தரையைத் தொடும் முகப்பில் தடித்த பட்டன், பட்டன்களுக்கு நடுவே ஆழமான காடி, பக்கவாட்டிலும் பல் பல்லாக வேலைப்பாடு. எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. என்று இந்தியக் கம்பெனிகள் எல்லாமே இந்த ரகத்தில் போடுகின்றன. யோகோஹாமா, பி.எஃப்.குட்ரிச் போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் உண்டு. மூன்று தரையிலும் ஓடுகிற வண்டிக்கு எல்லாத் தரைக்குமான டயர் போடுவதில் என்ன தப்பு?

தப்பு இல்லை. ஆனால் பட்டனிலிருந்து தேர்வைத் தொடங்குவதுதான் தப்பு. டயரை உள்ளிருந்து வெளியே பார்க்க வேண்டும்: முதலில் காற்று, பிறகு உடம்பு, பிறகு ரப்பர், கடைசியில் பட்டன். கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. அதனால்தான் புது டயர் போட்ட ஆறாம் மாதத்திலேயே சில வண்டிகள் சைடு வீங்கி நிற்கின்றன.

காற்றிலிருந்தே தொடங்குவோம். வண்டியும் சரக்குமாக 3,000 கிலோ. லோடு ஏற்றிய பிக்கப்பில் பெரும்பங்கு எடை பின் அச்சில் விழும். பின்னால் 2,000, முன்னால் 1,000 என்று கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் பின் டயர் ஒவ்வொன்றும் 1,000 கிலோ தாங்க வேண்டும். அதைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். காற்றை இறக்கிவிட்டால் அதே ரப்பர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பதைப் பஞ்சர் ஆன எவரும் பார்த்திருப்பார். சுமையில் மிகப் பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்றுதான். டயரின் உடம்பு அந்தக் காற்றை வெடித்து வெளியேற விடாமல் பிடித்துவைத்திருக்கும் பை. 1845இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். தாம்சனின் காப்புரிமை இருப்பது அவருக்குத் தெரியாது.

காற்று சுமக்கிறது என்பதை ஒரு வகுத்தலில் பார்த்துவிடலாம். 65 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் நாலரை கிலோ அழுத்தம். 1,000 கிலோவை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 220 சதுர சென்டிமீட்டர் வரும். 15 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் சதுரம். டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். முன் டயர்கள் 35 பி.எஸ்.ஐ.யில் தலா 500 கிலோ தாங்கினால் அங்கும் 200 சதுர சென்டிமீட்டரைத்தான் தொடும். நான்கையும் கூட்டினால் வீட்டுத் தரையில் பதிக்கும் ஓர் அடிக்கு ஓர் அடி டைல்ஸ் ஒன்றைவிடக் குறைவு. திராட்சைப் பெட்டிகளோடு சேர்ந்த மூன்று டன் எடையும் ஓட்டுபவர் உயிரும் அந்த ஒரு டைல்ஸ் அளவின்மேல்தான் கொண்டை ஊசி வளைவில் திரும்புகின்றன. (டயரின் சொந்த விறைப்பு கொஞ்சம் சுமை வாங்குவதால் உண்மை அளவு சற்று மாறும், கணக்கின் போக்கு மாறாது.)

இப்போது டயரின் சைடில் உள்ள எழுத்துகளைப் படிக்கலாம். 235/75 ஆர் 15 105 எஸ் என்று இருக்கிறது. 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது சைடின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம், அங்குலத்தில். கடை வாசலில் எல்லோரும் பேசுவது இதுவரைதான். விஷயம் இருப்பது அடுத்த மூன்று இலக்கத்தில். 105 என்பது சுமைக் குறியீட்டெண். அதற்கு 925 கிலோ என்று பொருள். 109 என்றால் 1,030. 112 என்றால் 1,120. எண் கொஞ்சம்தான் நகர்கிறது, கிலோ வேகமாக ஏறுகிறது. கடைசி எழுத்து வேகத்துக்கு: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், க்யூ என்றால் 160. குமுளி ரோட்டில் அந்த எழுத்தால் யாருக்கும் உபயோகமில்லை.

நம் பின் டயருக்கு வேண்டியது 1,000 கிலோ. 105 போட்ட டயர் தருவது 925. கண்ணைப் பறிக்கும் பட்டனோடு அந்த ஏ.டி. டயர் மாட்டப்பட்ட நிமிடத்திலிருந்தே 75 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இன்னும் ஒரு படி உண்டு. காருக்கென்று வடிவமைத்த டயரைச் சரக்கு வண்டியில் போட்டால், அமெரிக்க வழக்கப்படி அதன் சுமைத் திறனை 1.1ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுப்பார்கள். குழியும் குலுக்கலும் ஓவர்லோடும் சேர்ந்த வேலைக்கு அது முன்ஜாக்கிரதை. 925ஐ வகுத்தால் 841. ஓவர்லோடு என்பதே நம் ஊரில் தனியாகச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வழக்கம் என்பதால், இந்த வகுத்தல் அமெரிக்காவைவிடத் தேனி மாவட்டத்துக்கே அதிகம் பொருந்தும்.

ஆக, ஏ.டி. என்ற இரண்டு எழுத்துக்குள் இரண்டு ஜாதி டயர் இருக்கிறது. ஒன்று ஜீப் வகைக் கார்களுக்கு. வார இறுதியில் மலையேறும் குடும்பத்தைச் சுமப்பது அதன் வேலை. அதிகபட்சச் சுமையை 35 பி.எஸ்.ஐ. அளவிலேயே தாங்கும்படி அமைத்திருப்பார்கள். இன்னொன்று எல்.டி. என்று அச்சிட்ட லைட் டிரக் டயர். அதன் உடம்பு தடிமன், 50, 65, 80 என்று காற்றுப் பிடிக்கும். பட்டன் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏ.டி. இருக்கா?" என்பதல்ல. "எல்.டி.ல ஏ.டி. இருக்கா? லோடு நம்பர் என்ன?" என்று கேட்க வேண்டும். அனுபவப்பட்ட டயர்க்கடைக்காரர் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து, "தம்பி, பட்டனப் பாத்துட்டு நிக்காதீங்க, என்ன லோடு ஏத்துவீங்கன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் அந்தக் கடையில் நம்பி வாங்கலாம்.

8 பி.ஆர்., 10 பி.ஆர். என்ற குறிப்பையும் பார்ப்பீர்கள். டயருக்குள் எட்டு அடுக்கு, பத்து அடுக்கு துணி இருக்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பருத்தி நூல் காலத்தில் அது உண்மை. நைலானும் பாலியெஸ்டரும் உருக்குக் கம்பியும் வந்த பிறகு ஓரிரு அடுக்கே பழைய பத்து அடுக்கின் பலத்தைத் தந்துவிடுகிறது. பழைய அடுக்குக் கணக்கில் எவ்வளவு பலம் என்பதை மட்டும் எண் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ரேடியலா நைலானா என்ற பழைய வழக்கும் இங்கேதான் வருகிறது. நைலான் டயர் என்று நாம் சொல்லும் பயஸ் டயரில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து பின்னியிருக்கும். சைடு முரடு, கல் உரசினால் தாங்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பின்னல் கத்தரிக்கோல்போல் திறந்து மூடுவதால் உள்ளுக்குள் சூடு ஏறும். ரேடியலில் இழைகள் ரிம்மிலிருந்து ரிம்முக்கு நேர் குறுக்கே ஓடும். பட்டனுக்கு அடியில் மட்டும் உருக்குக் கம்பிப் பட்டை. மிஷெலின் கம்பெனி 1946இல் காப்புரிமை எடுத்த அமைப்பு இது. சைடு வளைந்து கொடுக்கும், பட்டன் தரையில் படிந்தே நிற்கும், சூடும் டீசலும் குறையும். விலையாக சைடு மெலிகிறது. மலைப்பாதை ஓரக் கல் முதலில் கிழிப்பது அதைத்தான். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வளைவில் இரண்டும் இரண்டு விதமாக நெளியும்.

இனி ரப்பர். கம்பத்திலிருந்து குமுளி ஏறும் தேசிய நெடுஞ்சாலை 183 திண்டுக்கல்லில் தொடங்கித் தேனி, கம்பம் வழியாக மலையேறி, குமுளியைத் தாண்டிக் கோட்டயத்துக்கு இறங்குகிறது. கோட்டயத்தில் இருப்பது 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ரப்பர் வாரியம். பக்கத்திலேயே புதுப்பள்ளியில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம். ஓடைப்பட்டித் திராட்சை மலையேறிப் போகிற அதே ரோட்டின் மறு சரிவில் ரப்பர் மரத்தில் பால் வடிக்கிறார்கள். இது வெறும் பூகோளத் தகவல் அல்ல. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் எத்தனையோ ரகம் வந்தும், சுமை வண்டி டயரிலும் விமான டயரிலும் மரத்துப்பாலை விட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு.

இயற்கை ரப்பரின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். எல்லாம் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்தவை. சும்மா இருக்கும்போது சிக்கலாகச் சுருண்டு கிடக்கும். பலமாக இழுத்தால் நேராகி, பக்கம் பக்கமாக அணிவகுத்து, அந்த இடத்தில் மட்டும் படிகமாக இறுகும். இழுப்பை விட்டால் படிகம் கலைந்து பழையபடி மெத்தென்று ஆகிவிடும். ஒரு கூர்க்கல் பட்டனில் கீறல் போட்டது என்று வையுங்கள். அடுத்தடுத்த சுற்றில் அந்தக் கீறலின் நுனிதான் அதிகமாக இழுபடும். அதிகமாக இழுபடும் அந்த நுனியிலேயே ரப்பர் இறுகி, கீறல் மேலும் ஓடாமல் வழிமறிக்கிறது. காயம் பட்ட இடமே கவசமாகிறது. பெரும்பாலான செயற்கை ரப்பருக்கு இந்த வித்தை வராது. அது ஈரத்தார்ப் பிடிப்பிலும் தேய்மானத்திலும் ஈடுகட்டும். எனவே டயர்க் கம்பெனிகள் கலக்கின்றன. கார் டயரில் செயற்கை ரப்பர் அதிகம், லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம். தரமான எல்.டி. ஏ.டி. டயரின் பட்டன் கல்லில் பிய்யாமல் இருக்கத் தனிக் கலவை போடுவார்கள். கடையில் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பது வருத்தமான உண்மை. கம்பெனியின் விவரக் குறிப்பிலும் இதே வேலை செய்யும் மற்ற வண்டிக்காரர்கள் வாயிலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீறல் ஓடாமல் தடுக்கும் இந்தக் குணம் உயிர் காக்கும் இடம் கொழுக்குமலை. தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம்தான். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற முடியும். ரோடு என்று சொல்வது மரியாதைக்கு. பெயர்ந்த பாறையும் உருளும் கல்லும்தான். அங்கே ஓடும் ஜீப்புக்கு ஏ.டி. கட்டாயம். அதையும் மீறி எம்.டி. என்னும் சேற்று டயர் போட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். திராட்சை பிக்கப்புக்கு அந்த வேலை இல்லை.

பட்டனின் கணக்கு தார் ரோட்டில் ஒன்று, மண்ணில் வேறொன்று. தாரில் பிடிப்பைத் தருவது ரப்பர். ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது அமுங்கி, நிமிர்வதற்குள் நகர்ந்து, அந்தத் தாமதத்தில் சக்தியை இழக்கிறது. அந்த இழப்புத்தான் பிடிப்பு. எனவே தாரில் எவ்வளவு ரப்பர் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. காடி அகலமாக அகலமாகத் தொடும் ரப்பர் குறையும். மண்ணில் நேர் எதிர். அங்கே வழுக்குவது ரப்பருக்கும் மண்ணுக்கும் நடுவே அல்ல. பட்டன்களுக்கு இடையே சிக்கிய மண்ணுக்கும் அதற்கு அடியில் உள்ள மண்ணுக்கும் நடுவே. டயர் எவ்வளவு பிடிக்கும் என்பதை மண்ணின் சொந்த பலம் தீர்மானிக்கிறது. அந்தப் பலத்துக்கு இரண்டு பங்கு உண்டு என்று பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம் 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொன்னார்: மண் துகள்கள் ஒன்றோடொன்று உரசும் உராய்வு, ஒன்றையொன்று பற்றும் ஒட்டுதல். மின்சாரப் பாடத்தில் வரும் அதே கூலோம்தான். அப்போது அவர் கோட்டைச் சுவர் சரியாமல் நிற்க என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

செம்மண் சரளையில் உராய்வு அதிகம், ஒட்டுதல் குறைவு. நல்ல மழைக்குப் பிறகும் தண்ணீர் வடிந்துவிட்டால் மிதமான பட்டனே வண்டியை இழுத்துவிடும். கரிசல் அப்படியல்ல. ஈரக் கரிசலில் உராய்வு போய்விடும். ஒட்டுதல் மட்டும் மிஞ்சி மண் காடிக்குள் அப்பிக்கொள்ளும். இரண்டு சுற்றில் காடி நிரம்பி டயர் மொழுமொழுவென்று உருளையாகிவிட்டால் ஏ.டி.யும் சாதா டயரும் ஒன்றுதான். அந்த மண்ணை உதறி எறிய அகலமான காடியும் வேகமான சுழற்சியும் வேண்டும். தோட்டத்துப் பாதையில் வேகத்துக்கு இடமேது? ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: தோட்டத்துக்குள் எத்தனை கிலோமீட்டர், அது எந்த மண், மழையன்று ஏற்றியே ஆக வேண்டுமா? கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் காற்றுத்தான் வீசும். நல்ல மழை ஐப்பசி கார்த்திகையில். கொஞ்ச தூரச் செம்மண்ணுக்காக, ஓட்டத்தில் பெரும்பகுதியாக இருக்கும் தாரின் பிடிப்பைத் தியாகம் செய்யும் அளவுக்கு முரட்டுப் பட்டன் வேண்டாம் என்பது என் கட்சி.

அதற்கு டீசலும் ஒரு சாட்சி. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்வதில் வீணாகும் சக்தியை உருள் தடை என்பார்கள். தடித்த பட்டனில் நசுங்குவதற்கு ரப்பர் அதிகம். உருள் தடைக் கெழு 0.008 உள்ள டயரிலிருந்து 0.010 உள்ளதற்கு மாறினால், மூன்று டன் வண்டிக்குக் கூடுதல் இழுப்பு சுமார் 59 நியூட்டன். 100 கிலோமீட்டருக்கு அது 5.9 மெகாஜூல். எஞ்சின் டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கையே சக்கரத்துக்குத் தருவதால் டேங்கிலிருந்து 18 மெகாஜூல், அதாவது அரை லிட்டர் டீசல் போகும். ஒரு நடைக்கு ஒன்றும் தெரியாது. டயரின் ஆயுள் முழுக்க, 50,000 கிலோமீட்டருக்கு, 250 லிட்டர். உருள் தடைக்கும் ஈரப்பிடிப்புக்கும் ஓசைக்கும் வரம்பு விதித்து மத்திய அரசு 2022இல் விதி கொண்டுவந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

டயரைக் கொல்வது பெரும்பாலும் கல்லோ ஆணியோ அல்ல, சூடு. மேகமலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருந்து தேயிலை மூட்டையோடு மூன்று டன் வண்டி இறங்குகிறது. அடிவாரம் 400 மீட்டர். 1,100 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் சக்தி 32 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வருவது சுமார் 36. அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குச் சற்றுக் குறைவான நெருப்பு பிரேக் டிரம்மிலும் எஞ்சினிலுமாகச் செலவாக வேண்டும். 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர் அத்தனையையும் டிரம்முக்குக் கொடுக்கிறார். டிரம்மிலிருந்து ரிம்முக்கும், ரிம்மிலிருந்து டயரின் பீடு எனும் உருக்கு வளையத்துக்கும் சூடு ஏறும். ஏற்கெனவே சுமை எண் போதாத டயர் என்றால், சைடு நசுங்கி நிமிரும் சூடு வேறு. கந்தகம் சேர்த்து வேகவைத்து உருவாக்கிய ரப்பர், மறுபடி வேகத் தொடங்கினால் பட்டைகள் உள்ளுக்குள் பிரியும். வீக்கம் தெரிவது அதற்குப் பிறகு.

அடிவாரத்தில் நிறுத்திக் காற்றுப் பிடித்துப் பார்த்தால் 65 இருந்த இடத்தில் 73 காட்டும். 25 டிகிரியில் இருந்த காற்று 55 டிகிரிக்குப் போனால் கணக்குப்படி வர வேண்டியது அதுதான். உடனே "காத்து ஜாஸ்தியாயிருச்சு" என்று இறக்கிவிடுகிறார்கள். ஆறிய பிறகு டயரில் 57, 58தான் மிஞ்சும். மறுநாள் முழு லோடு அதன்மேல். சூட்டில் காற்றை இறக்காதீர்கள். மலையேறும்போது காற்று மாறுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பி.எஸ்.ஐ. வரை கூட்டிக் காட்டும். மலைக்குளிர் ஏறக்குறைய அதே அளவு குறைத்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

அளவைக் கூட்டிப் போடும் ஆசையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 215/75 ஆர் 15 இருந்த இடத்தில் 235/75 போட்டால் டயரின் விட்டம் 703.5லிருந்து 733.5 மில்லிமீட்டர் ஆகிறது. வண்டி உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 62.5. தரையில் கிடைக்கும் இழுவிசை எல்லாக் கியரிலும் நான்கு சதவீதம் குறைவு. லோடோடு வளைவில் முதல் கியரில் திணறும்போது அந்த நான்கு சதவீதம் கிளச்சில் கருகும் வாடையாக வரும். பதினைந்து மில்லிமீட்டருக்கு இது நஷ்ட வியாபாரம். வண்டிக் கம்பெனி கதவோரம் ஒட்டிய அளவே போதும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓடைப்பட்டி பிக்கப்புக்குப் பின்னால் எல்.டி. ரேடியலில் மிதமான ஏ.டி.: சுமை எண் 112க்குக் குறையாமல், பட்டனுக்குள் மெல்லிய கீற்று வெட்டுகள் நிறைய உள்ளதாக. முன்னால் அதே அளவில் நேர்க்கோடு ஓடும் ரிப் பட்டன். திருப்புவதற்கு அதுதான் துல்லியம், தேய்மானமும் சீர். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் நான்குக்கும் ஏ.டி. போடுவது, போட்டோவுக்கு அழகு. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கமும் பார்க்க வேண்டும்: 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. காடிக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், சட்டத்தின் எல்லை. ரீட்ரேடிங் செய்த டயரைப் பின்னால் போடலாம், முன்னால் வேண்டாம். மலைப்பாதையில் முன் டயர் பிரிந்தால் ஸ்டியரிங் கேட்காது.

திராட்சைக்காரர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. பன்னீர்த் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. குலுக்கலில் காம்பை விட்டு உதிரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் சந்தைக்குப் போவதற்குள் பெட்டியடியில் உதிர்ந்து கிடந்தால் விலை போகாது. 65 பி.எஸ்.ஐ. விறைப்பில் ஓடும் எல்.டி. டயர் ஒவ்வொரு குழியையும் பெட்டிக்குக் கடத்தும். சுமைக்குத் தேவையான காற்றுக்கு மேலே ஏற்றாமல் இருப்பதே அதற்கு வழி. 1,500 கிலோ ஏற்றும் நாளும் 700 கிலோ ஏற்றும் நாளும் ஒரே காற்று அல்ல. டயர்க் கம்பெனிகளிடம் சுமைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை இருக்கிறது. கேட்டால் தருவார்கள், கேட்பவர்தான் குறைவு.

அந்த அட்டவணை அதிகம் உதவும் இடம் திரும்பும் பயணம். குமுளியில் சரக்கை இறக்கிவிட்டு, மழை பெய்துகொண்டிருக்க, இரவில் லோயர் கேம்ப் நோக்கிக் காலி வண்டி இறங்குகிறது. பின் டயரில் இன்னும் 65. ஆனால் அதன்மேல் இப்போது முந்நூறு, நானூறு கிலோதான்; தரையைத் தொடும் பகுதி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, அதுவும் பட்டனின் நடுப்பட்டை மட்டும். தண்ணீர்மேல் டயர் மிதக்கும் வேகத்தைக் கணிக்க நாசாவின் வால்டர் ஹார்ன் விமானச் சக்கரங்களுக்கு ஒரு சூத்திரம் சொன்னார். அதன்படி 65 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் மிதக்கும். மலைப்பாதையில் அந்த ஆபத்து இல்லை. இங்கே இருப்பது மெல்லிய நீர்ப்படலமும் அதில் குழைந்த டீசல் கறையும். பிரேக்கை மிதித்தால் எடை முன்னால் சாய்ந்து, லேசான பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் வீசும். பின் பிரேக்கின் பலத்தைச் சுமைக்கேற்பக் குறைக்கும் வால்வு பின் அச்சருகே பல பிக்கப்புகளில் உண்டு. துருப்பிடித்து இறுகிப் போனதை யாரும் கவனிப்பதில்லை. அந்த இறக்கத்துக்குத்தான் பட்டனுக்குள் உள்ள மெல்லிய கீற்றுகள். ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் படலத்தை வழித்துத் தாரைத் தொட வழிசெய்யும்; கட்டை கட்டையாக, கீற்றே இல்லாத முரட்டுப் பட்டனுக்கு அந்த விளிம்புகள் கிடையாது. குமுளியிலேயே ஒரு பங்க்கில் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு பின் காற்றைக் காலி வண்டிக்கான அளவுக்கு இறக்கிக்கொண்டு கிளம்பலாம். மறுநாள் லோடு ஏற்றுமுன் திரும்பப் பிடிக்க மறக்கக் கூடாது. மறப்பவர் என்றால் இறக்காமலே, இரண்டாவது கியரில் மெல்ல இறங்குவது மேல்.